மங்களம் வாசிக்காத கச்சேரி

கல்லிடைக்குறிச்சி
9.2.1996

அன்புள்ளவருக்கு,

பழக்கத்தில் எழுதிவிட்டேன். அடித்துத் திருத்த மனமில்லை.

ஜெர்மனியிலிருந்து உங்கள் அம்மாவுக்கு நீங்கள் போட்ட கடிதத்தை நான்தான் வாசித்துக் காட்டினேன். அவருக்கு இப்போது கண் சுத்தமாகத் தெரிவதில்லை. இங்கே வந்தபோது நீங்கள் வயலினும், உங்களோடு அங்கிருந்து வந்த அந்தப் பெண் செல்லோவுமாக வாசித்து முடித்தபின், ஊரே மெய்மறந்து எழுந்திருக்காமல் இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள்.

யாரும் மெய்மறக்கவில்லை. தாளம் போட்டுப் பார்த்துத் தோற்றுப்போன ஜம்பு மாமா தொடையைத் தடவிக்கொண்டிருந்தார். எனக்குப் பின்னால் அரிசிக்கடை அண்ணாச்சி, "இன்னும் சுருதிதான் சேக்குதாவளா வே?" என்று பக்கத்து ஆளிடம் பையக் கேட்டார். நீங்கள் வில்லைக் கீழே வைத்ததும் கோமு மாமி எழுந்தாள். மாமா அதட்டினார்.

"மங்களம் வாசிக்கலையேடி, அதுக்குள்ள எழுந்துண்டா எப்படி? உக்காரு."

அவ்வளவுதான் விஷயம். மங்களம் வாசிக்காமல் இந்த ஊரில் கச்சேரி முடியாது. நீங்கள் இருவரும் குனிந்து வணங்கிவிட்டுக் காரில் ஏறிப் போனது தெரியாமல், திரும்பி வந்து வாசிப்பீர்கள் என்று காத்திருந்தார்கள். மைக்கைக் கழற்ற ஆள் வந்த பிறகுதான் எழுந்தார்கள்.

அம்மாவுக்கு, நீங்கள் எழுதியபடியே வாசித்தேன். சந்தோஷப்பட்டார்.

நீங்கள் தாலி கட்டிக் கூட்டிவந்த வீட்டில் நானும் ஆறு வருஷமாக அப்படித்தான் காத்து உட்கார்ந்திருந்தேன். இனி அம்மாவுக்குக் கடிதம் போட்டால், சேரன்மகாதேவிக்கு, உங்கள் தங்கை வீட்டு விலாசத்துக்குப் போடுங்கள்.

நான் எழுந்துவிட்டேன்.

இப்படிக்கு,
இதுவரை வாசித்துக் காட்டியவள்