எர்னியின் நாடும் என் நாடும்

அன்புள்ள என்னங்க,

இருபத்தொன்பது வருடம் உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். கடிதத்துக்காகப் புதிதாக ஒரு பெயரைத் தேட எனக்கு வராது. ஒரே வீட்டில் இருந்தவரை நமக்குள் கடிதத்துக்கு அவசியமும் வரவில்லை. இப்போது ஒரு நல்ல சேதி இருக்கிறது. வழக்கம்போலச் சுற்றி வளைத்துத்தான் சொல்வேன், அவசரப்படாதீர்கள்.

நான் நீல ஐசிக்கு, அதான் குடிமக்களுக்குக் கொடுக்கும் அடையாளக் கார்டுக்கு, மனுப் போட்டேன்.

முறைக்காதீர்கள். குடியுரிமை நேர்முகத்துக்கு நீங்கள் போய், மலாயில் கேட்ட மூன்றாவது கேள்விக்கு வாய் அடைத்து, வீட்டுக்கு வந்து இரண்டு நாள் பேசாமல் கிடந்ததை நான் மறக்கவில்லை. "பொறந்தது இந்த எஸ்டேட் லயத்துல. இதுக்கு மேல என்னா சாட்சி வேணும் இவனுங்களுக்கு?" என்றீர்கள். நாம் பிறந்ததைப் பதியாமல் விட்டது நம்மைப் பெற்றவர்கள், குடியுரிமை இல்லாத சிவப்புக் கார்டைச் சுமந்தது நாம். உங்கள் கோபத்தில் நியாயம் இருந்தது. நானும் கூடச் சேர்ந்து கோபப்பட்டேன்.

ஆனால் உங்கள் இறப்புச் சான்றிதழை வாங்கப் போனது நான்தானே? குடியுரிமை என்ற இடத்தில் 'குடிமகன் அல்லர்' என்று போட்டிருந்தது. கோலா கிளாவாங்கில் பிறந்து, அந்த மலையடிவாரத்து ரப்பர்த் தோட்டத்திலேயே பால்மரம் வெட்டி, சிரம்பானைத் தாண்டினாலே வீட்டு நினைப்பு வந்துவிடும் உங்களைப் பற்றி அப்படி எழுதியிருந்தது. கவுண்டர் முன்னாலேயே அழுதுவிட்டேன். ராசாவில் இருக்கும் நம் வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் நம் மகள் கவிதாவிடம் சொன்னேன்: "என் பேப்பர்ல இப்படி வரக் கூடாதுடி."

மனுப் போட்டு வருடக்கணக்கில் காத்திருந்தோம். போன வருடம் நேர்முகத்துக்குக் கடிதம் வந்தது. அன்று மாலையே கவிதா சாப்பாட்டு மேசையில் அதிகாரி மாதிரி உட்கார்ந்துகொண்டு கேள்வி கேட்க ஆரம்பித்தாள். டயர் கடைக் கணக்குப்பிள்ளைக்கு அந்தத் தோரணை எங்கிருந்துதான் வந்ததோ.

"நாடு எப்போ சுதந்திரம் அடைஞ்சிச்சி?"

"ஆகஸ்ட் பதினேழு."

"நாட்டுக்குத் தலைவரு யாரு?"

"பிரெசிடென்."

"நாட்டோட அஞ்சு கோட்பாடு சொல்லு."

அதைத் தடங்கலில்லாமல் ஒரே மூச்சில் மலாயில் ஒப்பித்தேன். மகள் அசந்துபோவாள் என்று நினைத்தேன். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"அம்மா, நீ சொன்னது பூரா இந்தோனேசியா லா."

எல்லாம் எர்னியின் வேலை. நினைவிருக்கிறதா, எண்ணெய் எடுக்கும் செம்பனையின் நாற்றுமேடையில் என்னோடு மண் அள்ளும் சுமத்ராக்காரி, ஹரிராயா பெருநாளுக்கு நமக்கென்று கோழியில் ரெண்டாங் கறி செய்து கொண்டுவருவாளே? எட்டு வருடமாக எதிரெதிரே உட்கார்ந்து பிளாஸ்டிக் பையில் மண் நிரப்பினோம். பைகளை எண்ணுவதற்கு அவள் ஒரு வழி வைத்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் படித்த அவள் நாட்டின் ஐந்து கோட்பாடுகளை வரிக்கு ஒரு பையாகச் சொல்லிக்கொண்டே நிரப்புவாள். ஐந்து வரி முடிந்தால் தரையில் ஒரு கோடு. நானும் கூடவே சொல்லிச் சொல்லி அது ரத்தத்தில் ஊறிவிட்டது. நம் நாட்டுக்கும் ஐந்து கோட்பாடு இருக்கிறது, இரண்டிலும் முதல் வரி கடவுள் நம்பிக்கைதான். முதல் வரியைப் பிடித்தால் என் வாய் நேராக அந்தக் கரைக்குப் போய்விடுகிறது.

கவிதா பழைய காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் நீல மையில் மலேசியா, சிவப்பு மையில் இந்தோனேசியா என்று எழுதி அடுப்புக்கு மேலே ஒட்டினாள். சாம்பார் கொதிக்கிற நேரமெல்லாம் எனக்குப் பாடம். அவர்களுக்குப் பதினேழாயிரத்துக்கும் மேலே தீவுகள், நெருப்பைக் கக்கும் மலைகள். நமக்கு நடுவில் கடலை வைத்து இரண்டே துண்டு நிலம், மலைகளும் நம் மாப்பிள்ளை மாதிரி வாய் திறக்காதவை. (கவிதாவுக்குக் கல்யாணமாகிவிட்டது. அதைத் தனியாகச் சொல்கிறேன்.) போர்னியோவில் மட்டும் இரண்டு நாடும் ஒரே பாயில் படுத்திருக்கின்றன, மூலையில் குட்டி புருணையும் சுருண்டிருக்கிறது.

அவர்களை ஆண்டது டச்சுக்காரன், நம்மை இங்கிலாந்து வெள்ளைக்காரன். அவர்கள் சுதந்திரம் என்று அறிவித்துவிட்டு வருடக்கணக்கில் சண்டை போட்டார்கள். நாம் மேசையில் உட்கார்ந்து பேசி வாங்கினோம். அவர்களுக்குப் பதினேழாம் தேதி, நமக்கு முப்பத்தொன்று; இரண்டும் ஆகஸ்ட் மாதத்தில் வந்து தொலைந்தால் நான் என்ன செய்வேன்? இரண்டு நாட்டிலும் இஸ்லாமியர்கள்தான் அதிகம். நம் சட்டத்தில் இஸ்லாம் நாட்டின் சமயம், மற்றவர்கள் அவரவர் சாமியை நிம்மதியாகக் கும்பிடலாம் என்று இருக்கிறது. அங்கே நாட்டுக்கென்று ஒரு சமயம் கிடையாது, ஆனால் அரசாங்கம் ஏற்ற சமயங்களில் நம்முடையதும் ஒன்று.

அங்கே தலைவரை ஜனங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். இங்கே பேரரசர். அவரை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது மட்டும் எனக்குச் சட்டென்று ஏறியது. நம் எஸ்டேட் கோயில் திருவிழாவில் இன்றைக்கு இந்த டிவிஷன் உபயம், நாளைக்கு அந்த டிவிஷன் உபயம் என்று முறை வைத்துச் செய்வோமே, அதேதான். ஒன்பது மாநிலத்து ராஜாக்கள் முறை வைத்து, ஆளுக்கு ஐந்து வருடம். முதல் முறை நம் மாநிலம் நெகிரி செம்பிலானுக்கு வந்ததாம்.

மறுநாள் எர்னியிடம் சொன்னேன். மண்குவியல் மேலேயே உட்கார்ந்து சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இனிமே என் நாட்டுப் பாட்டு இங்க கெடையாது காக்" என்று சொல்லிவிட்டாள். அவளுக்கு நான் எப்போதும் காக், அக்கா. அன்றிலிருந்து நம் நாட்டுக் கோட்பாட்டைச் சொல்லித்தான் பை எண்ணினோம். எனக்காக அவளும் மனப்பாடம் செய்தாள். நான் தடுமாறினால் மண்ணை அள்ளிக் காலில் போடுவாள்.

அவள் இன்னொன்றும் சொன்னாள். நம் மாநிலத்து அரச வம்சமே ஒரு காலத்தில் அவளுடைய மினாங்கபாவ் மலைநாட்டிலிருந்து அழைத்து வந்ததுதானாம். இன்றைக்கும் நம் மாநில ஆட்சியாளரை நான்கு தலைவர்கள் கூடித்தான் தேர்ந்தெடுக்கிறார்கள், அதில் ஒருவர் கோலா கிளாவாங் இருக்கும் நம் ஜெலுபு வட்டாரத்துக்காரர். ஜெலுபுவிலேயே பிறந்த நான் இதைச் சுமத்ராக்காரி சொல்லித் தெரிந்துகொண்டேன், பாருங்கள்.

"ஒங்களுக்கு ராஜா அனுப்பினதே நாங்கதான் காக்."

"எங்கள அனுப்பினது கங்காணி" என்றேன்.

அவள் ஊரில் வீடும் நிலமும் பெண்பிள்ளைகளுக்குத்தான். இங்கேயும் அந்த வழிவந்த மலாய்க்காரர்களுக்கு அதே வழக்கம் உண்டு. பிள்ளைகளைப் படிக்க வைக்கக் கடல் தாண்டி வந்த எர்னிக்கு அந்தக் கரையில் அம்மா வழி நிலம் காத்திருக்கிறது. அவளைப் பார்த்து எனக்குப் பொறாமை வந்தது. உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது?

நேர்முகத்தன்று கவிதாவை உள்ளே விடவில்லை. நான் மட்டும் போனேன். அதிகாரிக்கு நம் மாப்பிள்ளை வயதுதான் இருக்கும். ஐந்து கோட்பாட்டையும் சொன்னேன், இரண்டாவது வரியில் கரை தாண்டவில்லை. பேரரசரைப் பற்றிக் கேட்டார், கோயில் உபயத்தை வைத்தே விளக்கினேன். சிரித்துவிட்டார். எனக்கும் தெம்பு வந்தது. அப்புறம் பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்து, பெரியம்மாவைக் கூப்பிடுகிற மாதிரி மரியாதையாகக் கேட்டார்.

"மக்சிக், நீங்க பேசற மலாய் இந்தோனேசியாக்காரங்க மாதிரி இருக்கே. அங்கேருந்து வந்தீங்களா?"

அது மூன்றாவது கேள்வி. இந்த இடத்தில்தான் நீங்களும் நின்றிருப்பீர்கள் என்று தோன்றியது. உங்களிடம் என்னதான் கேட்டார்கள்? ஒருநாளும் நீங்கள் சொல்லவில்லையே.

"இல்ல துவான்" என்றேன். கவிதாவின் தாளில் இதற்குப் பதில் இல்லை, அதனால் மனதில் இருந்ததைச் சொன்னேன். "என் சிநேகிதி அந்த ஊரு. எட்டு வருசம் அவகூட மண்ணு அள்ளினேன், அவ பேச்சு எனக்கு ஒட்டிக்கிச்சி. வேல பெர்மிட் முடிஞ்சா அவ வீட்டுக்குப் போயிருவா. எனக்குப் போறதுக்கு வேற எடம் இல்ல. நான் எங்கேருந்தும் வரல துவான். இங்கயேதான் இருக்கேன்."

அவர் ஏதோ எழுதிக்கொண்டார். பிறகு, "சரி மக்சிக், போயிட்டு வாங்க" என்று சொல்லி ஃபைலை மூடினார். நல்லதா கெட்டதா என்று தெரியாமல் பல மாதம் தவித்தேன். கவிதாவிடம் எரிந்து விழுந்தேன், பாவம்.

போன மாதம் கடிதம் வந்தது. கொடுத்துவிட்டார்கள். கையை உயர்த்தி உறுதிமொழி சொன்னேன், ஒரு வார்த்தையும் விடவில்லை. போன வாரம் கார்டு கைக்கு வந்தது. அதில் என் முகம் திருடி மாதிரி இருக்கிறது. பரவாயில்லை, நீல நிறத் திருடி.

எர்னியின் பெர்மிட்டும் முடிந்தது, நேற்றுப் புறப்பட்டாள். "இப்ப ஒனக்குப் பாஸ்போர்ட் கெடைக்கும். என் வீட்டுக்கு வா காக்" என்று கட்டிக்கொண்டாள். கவிதாவையும் கூட்டிக்கொண்டு கட்டாயம் போவேன். அவளுடைய நெருப்புமலையையும் ஒருதரம் பார்த்துவிடுகிறேன்.

சிவப்புக் கார்டுக்கு ஓட்டு கிடையாது, ஆனாலும் தேர்தல் வந்தால் காப்பிக் கடையில் கட்சிக்காரனைவிட அதிகமாகக் கத்துவீர்கள். ஓட்டு நாளன்று மட்டும் எழுந்திருக்காமல் போர்த்திக்கொண்டு படுப்பீர்கள், "காச்ச" என்பீர்கள். நெற்றி சில்லென்று இருக்கும். நானும் ஒன்றும் தெரியாதவள் மாதிரி மிளகு ரசம் வைத்துக் கொடுப்பேன்.

அடுத்த தேர்தலன்று நம் வீட்டில் யாருக்கும் காய்ச்சல் வராது. விடிந்ததும் போய் முதல் ஆளாக வரிசையில் நிற்பேன். இது சத்தியம்.

உங்கள் வீட்டுக்காரி,
தனலெட்சுமி
ராசா, சிரம்பான்