கப்பலில் வந்த துணி

வைகாசி 5, ஞாயிறு

காலையில் மழை. பிறகு விட்டது. கோயில் திடல் முழுக்கச் சேறு.

இதை என் கையால் எழுதுகிறேன். அறுபதைத் தாண்டிய பிறகு எழுத்து. மருமகள் செல்லம்மா சொல்லிக் கொடுத்தது. ஒரு வரி முடிவதற்குள் சுருட்டு அணைந்துவிடுகிறது. அணையட்டும்.

இன்று எங்கள் ரப்பர்த் தோட்டத்தில், அந்தத் திடலிலேயே கூட்டம். ஈப்போவிலிருந்து வக்கீல் ஐயா வந்தார். வெள்ளைக்காரத் துரை சீமைக்குப் போயிருக்கிற நேரம்; கணக்கு எழுதும் கிராணி தைரியமாக இடம் கொடுத்தார். வக்கீலுக்குக் கதர் ஜிப்பா, கதர்த் துண்டு. கூடவே படம் பிடிக்கிற சீனர். பாரத மாதாவைப் பற்றிப் பேசினார். நல்ல குரல். எனக்கே கண் கலங்கியது. பிறகு கையை உயர்த்தினார்:

"கப்பலில் வந்த துணியெல்லாம் நம் தாயைக் கட்டிய விலங்கு! நெருப்பில் போடுங்கள்!"

இந்தியாவில் அப்படிப் பேசினால் சரி. இங்கே எந்தத் துணி கப்பலில் வராமல் இருக்கிறது? யாரும் கேட்கவில்லை. பெண்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு ஓடினார்கள். செல்லம்மாவும், ஆறு மாத வயிற்றோடு. தகரப் பெட்டியைத் திறந்து கூறைப் புடவையைக் கொண்டு வந்து போட்டாள். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போவதற்குள் கரை கருகிவிட்டது.

அவள் அம்மா தறியில் தன் கையால் நெய்த புடவை. நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தது. நெய்த கை இப்போது உயிரோடு இல்லை.

வக்கீல் பக்கத்தில்தான் நின்றார். கைத்தறி என்று பார்த்தாலே தெரியும். தடுக்கவில்லை. சீனரிடம் இந்த ஊர் 'லா' போட்டுச் சொன்னதைக் காதால் கேட்டேன்: "நெருப்பு நல்லா எரியிறப்ப எடுலா."

வைகாசி 6, திங்கள்

வெயில். செல்லம்மா ரப்பர் மரம் சீவப் போனாள். வந்து மீன் ஆய்ந்தாள். விளக்கு ஏற்றும்போது கேட்டாள்:

"மாமா, எங்கம்மா நெய்ஞ்சது அந்நியத் துணியா?"

"இல்லம்மா."

"அப்ப அவரு ஏன் பாத்துக்கிட்டே நின்னாரு?"

விளக்குத் திரியைத் தூண்டிவிட்டேன்.

ஏழாம் மாதம் வளைகாப்பு. கூறையைக் கட்டித்தான் மணையில் உட்கார வேண்டும். பிள்ளை பிறந்ததும் அதிலேயே தூளி. எங்கள் ஆட்களின் வழக்கம். இப்போது எதைக் கட்டுவாள்?

வைகாசி 26, ஞாயிறு

ஈப்போ போனேன். வாங்கியது: உப்பு, சுருட்டு, புதுப் பென்சில்.

காப்பிக் கடையில் பேப்பர் கிடந்தது. எடுத்தேன். எழுத்துக் கூட்டி, விரல் வைத்து, நானே படித்தேன்! கடைக்காரர் சிரித்தார்: "தாத்தா, பேப்பரத் திங்கிறீங்களா? காப்பி ஆறிப் போச்சு லா."

படித்தது இதுதான். சீமை மன்னர் பிறந்தநாள் விருந்தில் நம் வக்கீல். மன்னர் நீடூழி வாழ்க என்று கிண்ணத்தைத் தூக்கினாராம். அரசாங்க ஆலோசனை சபையில் அவருக்கு இடமாம். தப்பாகப் படித்துவிட்டேனோ என்று மறுபடியும் முதலிலிருந்து. தப்பில்லை.

பக்கத்து மேசையில் இரண்டு பேர்.

"மச்சான், எப்படிலா குடுத்தான் வெள்ளைக்காரன்?"

"தோட்டத்துல தீ வச்சுப் படம் புடிச்சாருல்ல? அதக் கொண்டு போய்க் காட்டி, இத்தன கூலிங்க என் பேச்சுக் கேப்பாங்க, எனக்கு நாற்காலி குடுத்தா அடக்கி வைப்பேன்னாராம். அவ்வளவுதான்."

காப்பியைக் குடிக்காமல் எழுந்துவிட்டேன்.

இனி அவரை 'அவன்' என்று எழுதுகிறேன். எழுதத் தெரிந்ததில் இது ஒரு சுகம். அவன். அவன். தாயின் பேரைச் சொல்லி ஒரு தாய் நெய்த புடவையைக் கொளுத்தினான். அந்த வெளிச்சத்தில் நாற்காலி தேடினான். அவனுக்குத் தேசம் என்பது ஏறிப் போகிற ஏணி. கப்பலில் வந்ததையெல்லாம் கொளுத்த வேண்டுமென்றால் முதலில் எங்களையல்லவா கொளுத்த வேண்டும்? எழுத்து கோணலாக வருகிறது.

வீட்டில் செல்லம்மாவிடம் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை நின்றது. பிறகு களைந்தாள்.

ஆனி 2, ஞாயிறு

மூட்டம். ராத்திரி பெய்த மழை விட்டிருந்தது.

காலையில் அதே திடலில் அவனுக்குப் பாராட்டு. சேறு படாமல் பலகை போட்டிருந்தார்கள். கறுப்புக் கோட்டு, கழுத்துப் பட்டி. கதர் எங்கே போனதோ. இன்றைய பேச்சு: "சத்தம் போடாமல் உழைப்பதே தேசபக்தி. கூலி உயர்வு என்று குழப்பம் செய்பவன் தேசத் துரோகி." போன மாதம் தேசபக்தி நெருப்பு. இந்த மாதம் வாயைப் பொத்துவது.

புடவை கொடுத்த பெண்களுக்கு ஆளுக்கு ஒரு சேலை கொண்டு வந்திருந்தான். பளபளவென்று சீமை மில் துணி. வெட்கம் என்பது துளியும் இல்லை.

மூத்தவன் என்று என்னை மாலை போடக் கூப்பிட்டார்கள். போனேன். மாலையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டேன்:

"ஐயா, இந்தக் கோட்டுத் துணி எங்க நெய்ஞ்சது?"

"சீமைச் சரக்கு, பெரியவரே. உசந்த துணி."

"கப்பல்ல வந்ததுங்களா?"

அவன் சிரிப்பு நின்றது. கிராணி என் காதில்: "தாத்தா, வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருங்க. லயத்தக் காலி பண்ணணுமா?" காலி பண்ணச் சொல்வார்கள்தான். தெரியும்.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து செல்லம்மா, வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து:

"மாமா, நெருப்புப் பெட்டி வேணுமா? என்கிட்ட இருக்கு!"

யார் முதலில் சிரித்தது என்று தெரியாது. பிறகு திடலே சிரித்தது. அவன் கோட்டுப் பொத்தானைப் பிடித்தபடி மோட்டார் வண்டிக்கு நடந்தான். பலகையை விட்டு விலகிச் சேற்றில் ஒரு கால். மாலையைக் கொண்டு போய் மாரியம்மனுக்குப் போட்டேன்.

மதியம் வளைகாப்பு. செல்லம்மா சீமைச் சேலையைக் கிராணி வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தாள். மரம் சீவக் கட்டுகிற புடவையைத் துவைத்துக் கட்டி மணையில் உட்கார்ந்தாள். முந்தானையில் ரப்பர் பால் கறை. பெண்கள் வரிசையாக வந்து வளையல் போட்டார்கள். அவள் புருஷன், என் மகன், வாசலில் நின்று மூக்கைச் சிந்தினான்.

எல்லோரும் போன பிறகு தூளிக்கு என் பழைய வேட்டி ஒன்று கேட்டாள். அதுவும் கப்பலில் வந்ததுதான். கொடுத்தேன்.