வீட்டுக்காரர்

அன்பு மனைவிக்கு, அதாவது வருங்கால வீட்டுக்கார அம்மாவுக்கு,

நான் நலம். உன் முட்டிவலியும் சின்னவளின் இருமலும் எப்படி இருக்கின்றன?

வாங்கி வாடகைக்கு விட ஒரு வீடு பார்த்திருப்பதாக எழுதியிருந்தாய். பன்னிரண்டு வருடமாகக் குழாய் வேலை பார்ப்பவன் சொல்கிறேன், புதுப் பெயிண்டைப் பார்த்து மயங்காதே. எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்து பார். பீரோவுக்குப் பின்னால் சுவரைத் தொட்டுப் பார். வீடு இரண்டு மாதம் குடிவர ஆளில்லாமல் பூட்டிக் கிடந்தால் நம்மால் தாங்க முடியுமா என்பதையும் யோசி.

இன்னொன்று. போன வெள்ளிக்கிழமை குளிக்கும்போது தண்ணீர் நின்றுவிட்டது. தலையில் சோப்பு நுரையும் இடுப்பில் துண்டுமாக வெளியே வந்தால், எங்கள் வீட்டுக்காரர் தன் சாவியால் திறந்து, யாரோ இருவருக்கு வீட்டைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார்.

"நம்ம வீடுதானே, எதுக்குத் தட்டணும்?" என்றார்.

அவர் போனதும், என்னோடு தங்கியிருக்கும் கார்பென்டர், "உங்களையும் சேர்த்துத்தான் விலை பேசிட்டுப் போறாரு" என்றார். சிரித்து ஓய்ந்தோம். நீ கவலைப்படும்படி ஒன்றுமில்லை.

ஆனால் ஒரு குடும்பத்தைக் குடிவைத்த பிறகு, அதை 'நம்ம வீடு' என்று நினைக்காதே. கதவைத் தட்டு. கூப்பிட்டால் உள்ளே போ.

கட்டிலைச் சுற்றித் திரை கட்ட உன் புடவை ஒன்று அனுப்பு. புதிது வேண்டாம், நீ கட்டியது போதும்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. விடுமுறையில் வரும்போது நம் வீட்டுக் கதவையும் தட்டித்தான் வருவேன். உள்ளேயிருந்து யாரென்று மட்டும் கேட்டுவிடாதே. மூன்று வருடம் கழித்து வருகிறவனுக்கு, வீட்டுக்காரர் என்று சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருக்கும்.