மூன்று வெள்ளி மிச்சம்

என் அன்புக்குரிய மச்சானுக்கு,

நீங்கள் உயிரோடு இருந்தபோதே என் கடிதங்களை நீங்களாகப் படித்ததில்லை. யாராவது படிக்க, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்று கேட்பீர்கள். அதனால் இந்தக் கடிதத்தையும் இன்னொருவர் வாயால் படிக்க வைக்கத்தான் எழுதுகிறேன். யார் வாயால், எந்த இடத்தில் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதை முதலிலேயே சொல்லிவிட்டால் மீதியை எழுதத் துணிச்சல் வராது.

நான் பினாங்கிலிருந்து வந்து இருபது நாளாகிறது. ஜப்பான் சண்டை முடிந்தும் கப்பலில் இடம் கிடைக்க இத்தனை நாள் ஆகிவிட்டது. நீங்கள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது, அதுவே எனக்குப் போன வருஷம்தான் தெரியவந்தது. இங்கே மழை பரவாயில்லை. புதுக்கோட்டைக்குப் போகும் பஸ் பெட்ரோல் கிடைக்காமல் இன்னமும் கரியில்தான் ஓடுகிறது, மேட்டில் எல்லோரையும் இறக்கித் தள்ளச் சொல்கிறார்கள். அக்கா சுகமாக இருக்கிறாள் என்று எழுத ஆசை. அவள் கூலிக்குக் களை எடுக்கப் போகிறாள், மச்சான். உங்கள் நிலத்தை வாரத்துக்கு விட்டிருக்கிறாள். உழ மாடு இல்லை.

மாடு ஏன் இல்லை என்பதுதான் இந்தக் கடிதமே.

நான் அங்கே கடையில் வேலை பார்த்த முதல் மூன்று வருஷமும் மிச்சம் பிடித்ததையெல்லாம் ஊருக்குத்தான் அனுப்பினேன். பொன்னமராவதிப் பக்கத்து முதலாளி ஒருவருடைய கடை அது. பினாங்கில் நான் கடையில் வெள்ளியைக் கட்டினால், அந்த ஊர்க் காசை அப்படித்தான் சொல்வோம், இங்கே முதலாளி வீட்டில் உங்களிடம் ரூபாயாகக் கொடுப்பார்கள். ஒரு துண்டுச் சீட்டு போதும், கமிஷன் கிடையாது. நீங்கள் அதை மடியில் முடிந்துகொண்டு புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறிப் போய், பேங்கில் என் பேரில் கட்டிவிட்டு வருவீர்கள். ஒரு தடவைகூடத் தவறியதில்லை. அந்தக் கணக்கைத் திறந்த நாளில், "நம்ம மாப்ளதான், எனக்குத் தெரிஞ்ச பய" என்று எனக்குச் சாட்சியாகப் பெருவிரல் ரேகை வைத்தவரும் நீங்கள்தான். நான் அன்று நாக்கைக் கடித்துக்கொண்டு, எழுத்து எழுத்தாக 'அடைக்கலம்' என்று தமிழில் கையெழுத்துப் போட்டேன்.

அப்புறம் பினாங்கில் ஒருவர் தன் சின்னக் கடையில் பாதிப் பங்கு தருவதாகச் சொன்னார். மாதக் கடைசிக்குள் நூற்றைம்பது ரூபாய்க்கு ஈடான வெள்ளி வேண்டும். என் பணம் முழுவதும் ஊரில் கிடக்கிறது. பேங்க் மூலமாகவே வரவழைத்திருக்கலாம். அதற்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் கமிஷன், தந்திச் செலவு எல்லாம் சேர்த்து மூன்று வெள்ளி பிடிக்கும் என்றார்கள். மூன்று வெள்ளியா! நான் யார், எத்தனை சூரன்! வந்த வழியிலேயே திருப்பிவிட்டால் ஒரு காசு செலவில்லையே. பேங்கில் பணம் எடுக்கும் சீட்டில் கையெழுத்துப் போட்டு உங்களுக்கு அனுப்பினேன். நீங்கள் பணத்தை எடுத்து முதலாளி வீட்டில் கட்ட வேண்டியது, அங்கே கடையில் நான் வாங்கிக்கொள்ள வேண்டியது. இந்த யோசனையைக் கடைப் பையன்களிடம் எவ்வளவு பெருமையாகச் சொன்னேன் தெரியுமா?

உங்களிடமிருந்து ஒன்றரை மாதம் கழித்துத்தான் பணம் வந்தது. நான் பங்குக்காரரிடம் கெஞ்சித் தவணை வாங்க வேண்டியிருந்தது. வந்ததும் நூற்று இருபத்தெட்டு ரூபாய்க்கான வெள்ளிதான். இருபத்திரண்டு குறைந்தது. கூடவே, "பணம் அனுப்பியாச்சு, தாமதத்துக்கு மன்னிக்கவும்" என்று யாரோ எழுதிக் கொடுத்த இரண்டு வரி.

அன்று நான் எழுதிய கடிதத்தை என்னால் இப்போது முழுவதும் சொல்ல முடியவில்லை. வாய் கூசுகிறது. ஆனாலும் சொல்லாமல் விட்டால் இது எழுதியும் பிரயோஜனமில்லை. "நூற்றைம்பது கேட்டால் நூற்று இருபத்தெட்டு வருகிறது. மீதி யார் மடிக்குப் போயிற்று? என் காசு என்ன ஊர்ப் பொதுக் கிணறா, போகிறவர் வருகிறவர் எல்லாம் இறைத்துக்கொள்ள?" என்று எழுதினேன். அக்காவைக் கட்டிக் கொடுத்த பாவத்துக்காகப் பொறுத்துப் போவதாகவும் எழுதினேன்.

அக்கரையிலிருந்து வரும் கடிதத்தை நம் ஊரில் யாரும் தனியாக வைத்துப் படிக்கச் சொல்வதில்லை. ராவுத்தர் தன் மளிகைக் கடை வாசலில் நின்று உரக்கப் படிப்பார், ஊரே கேட்கும். தனியாகப் படிக்கச் சொன்னால் ஏதோ மறைக்கிறான் என்று அர்த்தம். இது எனக்குத் தெரியாதா? தெரிந்தேதான் எழுதினேன். ஊர் கேட்கட்டும் என்றே எழுதினேன். மச்சான், இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு நீங்கள் எனக்கு ஒரு வரிகூட எழுதச் சொல்லவில்லை. குற்றமுள்ள நெஞ்சு, அதுதான் பேச்சில்லை என்று நினைத்துக்கொண்டேன். பிறகு சண்டை வந்தது, ஜப்பான்காரன் வந்தான், கடையும் போயிற்று, தபாலும் நின்றது.

இந்தத் தடவை வந்து இறங்கியதும் அக்கா அழுதாள், தண்ணீர் கொடுத்தாள். உங்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் ஒரு பழைய துணியில் சுற்றிய பொட்டலத்தைக் கையில் கொடுத்தாள்.

"இந்தா ஒம் பேங்குப் புஸ்தகம். மொதல்ல அங்கிட்டுப் போயிட்டு வா. மத்ததெல்லாம் பெறகு பேசிக்கலாம்."

பஸ்ஸில் புஸ்தகத்தைப் பிரித்துப் பார்த்தேன். வரவு மட்டும் வரிசையாக இருந்தது. நூற்றைம்பது ரூபாய் எடுத்ததற்கான பதிவு எங்கேயும் இல்லை. பேங்கில் பதிய மறந்திருப்பார்கள் என்று நினைத்தேன். அப்போதும் உங்களைப் பற்றி நல்லவிதமாக நினைக்க எனக்குத் தோன்றவில்லை பாருங்கள்!

பேங்கில் கணக்கு முழுவதையும் முடித்துக் கொடுக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். கவுண்டரில் இருந்த குமாஸ்தாவுக்குத் தலை நரைத்திருந்தது. பெரிய லெட்ஜரைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இது ஒத்து வரலியே தம்பி" என்றார்.

நான் என் வழக்கப்படி இங்கிலீஷில் போட்டிருந்தேன். பினாங்குக் கடையில் பெரிய கிராணி, குமாஸ்தாவை அங்கே அப்படித்தான் சொல்வார்கள், வால் வளைத்து அடியில் இரண்டு கோடு இழுத்துக் கையெழுத்துப் போடுவார். நானும் பழைய பில்களின் பின்பக்கத்தில் மாதக்கணக்கில் பழகி அதே மாதிரி ஒன்றை உண்டாக்கிக்கொண்டேன். உங்களுக்கு அனுப்பிய சீட்டிலும் அந்த அழகைத்தான் போட்டிருந்தேன். பேங்கில் இருப்பது வேறு கையெழுத்து என்பது என் புத்தியில் ஏறவே இல்லை.

குமாஸ்தா புஸ்தகத்தைப் புரட்டியபோது கடைசிப் பக்கத்திலிருந்து மடித்த காகிதம் ஒன்று விழுந்தது. அந்தச் சீட்டேதான். குறுக்கே சிவப்பு மையில், 'கையெழுத்து வேறுபடுகிறது' என்று எழுதியிருந்தது.

"இது என் எழுத்து" என்றார் அவர். மடிப்பை நீவி லெட்ஜர் மேல் வைத்தார். "இதக் கொண்டுவந்த ஆளு உங்களுக்கு என்ன வேணும்? மூணு தடவ வந்தாருங்க. மூணாம் தடவ நான், போலீசுக்குச் சொல்லிருவேன்னு மெரட்டிட்டேன். அதுக்கும் கோவிச்சுக்கல. 'எங்க மாப்ள கையெழுத்துதாங்க. இப்ப இங்கிலீசெல்லாம் போடுறான், ரொம்பப் படிச்சுட்டான்'னு பெருமையாச் சொன்னாரு."

பெருமையாக.

லெட்ஜரை என் பக்கம் திருப்பி, "இந்த மாதிரி போடுங்க" என்றார். என் பழைய கையெழுத்துக்குப் பக்கத்தில் உங்கள் பெருவிரல் ரேகை இருந்தது. என் கை இரண்டு தடவை தவறி, மூன்றாம் தடவைதான் அந்த 'அடைக்கலம்' வந்தது. பணம் முழுவதையும் வட்டியோடு எண்ணிக் கொடுத்தார்கள். ஒரு பைசா குறையவில்லை. திருடு போனதாக நினைத்த பணம் கிடைத்தால் மனுஷன் சந்தோஷப்பட வேண்டும். நான் பேங்க் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தெரிஞ்சிருச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

பிறகுதான் சொன்னாள். எனக்கு எழுதி, வேறு சீட்டு வாங்க ஒரு மாதத்துக்கு மேல் ஆகும், அதற்குள் பங்கு கைவிட்டுப் போகும் என்று நீங்கள் உழவு மாடுகள் செவலையையும் மயிலையையும் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போனதை. இரண்டும் சேர்ந்து நூற்று இருபத்தெட்டுக்குத்தான் போனதை. "பய வந்து பேங்குல எடுத்துக் குடுத்துருவான், அடுத்த ஆடிப் பட்டத்துக்கு வேற சோடி புடிச்சிக்கலாம்" என்று நீங்கள் சொன்னதை.

"எனக்கு ஒரு வார்த்தை எழுதியிருக்கலாமே அக்கா?"

"யாரைவிட்டு எழுதுறது? ஒங்கையெழுத்துச் செல்லலைன்னு ஊரு பூராத் தெரியணுமா? பெறகு ஒங் கடுதாசி வந்துச்சு. அதுக்கு மேல என்னத்தச் சொன்னாலும் சாக்குன்னுதானே சொல்லுவாங்க. 'அவனா வந்து தெரிஞ்சிக்கிடட்டும், நாம சொன்னாக் கூசிப் போவான்'னாரு ஒங்க மச்சான்."

நீங்கள் மாடு விற்றது ஊருக்குத் தெரியும். என் கடிதத்தைக் கேட்டதும், மச்சினன் பணத்தைத் தின்றுவிட்டு, மாட்டை விற்று முக்கால்வாசியைக் கட்டியிருக்கிறான் என்று ஊரே பேசியிருக்கிறது. நீங்கள் செய்த நல்ல காரியத்தையே உங்களுக்கு எதிரான சாட்சியாக நான் ஆக்கிவிட்டேன். கடைசி வரைக்கும் கோயில் கணக்கோ கல்யாண வீட்டு மொய்யோ உங்கள் கையில் யாரும் கொடுக்கவில்லையாமே? அந்த ஐந்து வருஷம் எப்படித் தெருவில் நடந்தீர்கள்?

ராவுத்தரிடமும் கேட்டேன். "பாதியிலயே நிறுத்திட்டேன் தம்பி. எனக்கே நாக்குப் பெரளல. அவருதான், 'படிங்க பாய், முழுசாப் படிங்க'ன்னு நின்னாரு" என்றார்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். முந்தாநாள்வரை எனக்கு வேறு யோசனை இருந்தது. நல்ல சோடி மாடாக வாங்கித் தொழுவத்தில் கட்டிவிட்டு, சத்தம் போடாமல் மறுபடி கப்பலேறிவிடலாம் என்று. அப்போதும் குறைந்த செலவில் முடிக்கும் வழியைத்தான் தேடினேன். நான் மாட்டுப் பேச்சை எடுத்ததும் அக்கா களைக்கொத்தைக் கீழே வைத்தாள்.

"மாடு பெறகு வாங்கிக்கலாம். மொதல்ல அந்த மனுசன் பேரை மீட்டுக் குடு."

ஆகவே மச்சான், இதோ என் வாக்கு. வரும் சந்தைக்கு மறுநாள் காலையில், ராவுத்தர் தன் கடை வாசலில் இந்தக் கடிதத்தை உரக்கப் படிப்பார். பொதுக் கிணறு என்று எழுதியதையும், மூன்று வெள்ளியையும், முந்தாநாள் யோசனையையும் எதுவும் விடாமல் படிப்பார். நடுவில் நிறுத்த வேண்டாம் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன். அன்று நீங்கள் நின்ற இடத்தை அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அங்கேதான் நிற்பேன். தலையைக் குனிய மாட்டேன். நீங்கள் குனியவில்லையாமே.

உங்கள் மாப்பிள்ளை,
நீங்கள் ரேகை வைத்துச் சாட்சி சொன்ன அதே கையெழுத்தில்,
அடைக்கலம்