பட்டாளத்தானுக்கு வைத்த படையல்

அண்ணை, இன்றைக்கு மியூசியத்தில் உங்கள் பட்டாளத்தானைச் சுவரிலிருந்து இறக்கிவிட்டார்கள். துப்புரவு செய்யக் கொண்டுபோகிறார்களாம். காவல் உடுப்போடு பக்கத்தில் நின்ற எனக்குப் பழைய வார்னிஷ் மணம் மூக்கில் ஏறியதும் உங்கள் நினைவு வந்துவிட்டது.

இருநூறு வருசத்துக்கு முந்திய ஓவியம். சிவப்புக் கோட்டு, பொன் பொத்தான்கள், காற்றில் தலைமயிர் கலைந்த இளம் வெள்ளைக்காரன், பின்னால் புகையும் கருமேகமும். நாம் இருவரும் அங்கே காவல் நின்ற காலத்தில் நீங்கள் எப்போதும் அந்த அறையைத்தான் கேட்டு வாங்குவீர்கள். "என்ன அண்ணை, அவன் இறங்கி ஓடிப்போடுவான் எண்டோ காவல்?" என்று பகிடி பண்ணினேன். நீங்கள் சிரிக்கவில்லை. "என்ர தம்பியின்ர கண், பிள்ளை" என்றீர்கள்.

இயக்கத்துக்குப் போய்த் திரும்பி வராத தம்பி. ஊரில் ஆமி வீடு வீடாகச் சோதனைக்கு வருகிறான் என்ற பயத்தில் அவனுடைய படங்களையெல்லாம் அடுப்பில் போட்டது நீங்கள்தான். திவசத்துக்கு வைக்க ஒரு படம் மிஞ்சவில்லை.

அதற்குத்தான் ஒரு தந்திரம் செய்தீர்கள். மியூசியக் கடையில் ஓவியத்தின் பிரதியை வாங்கி, கண்ணாடி போட்டு, டோர்செட் பார்க்கில் அம்மாவோடு இருந்த வீட்டுக்குக் கொண்டுபோனீர்கள். பார்வை மங்கிய அம்மாவிடம், தம்பியைத் தெரிந்த ஒருவர் நினைவிலிருந்து கீறித் தந்தது என்றீர்கள். சிவப்புக் கோட்டுக்கும் ஒரு பொய் தயார்: பள்ளிக்கூடப் பாண்ட் வாத்தியக் குழு உடுப்பு. கெட்டிக்காரன்தான் நீங்கள்.

அந்த வருசத் திவசத்துக்கு என்னையும் கூப்பிட்டீர்கள். சந்தனப் பொட்டும் மாலையுமாக நம் பட்டாளத்தான். முன்னால் வாழையிலையில் சோறு, கத்தரிக்காய்க் கறி, வடை. என் வாய் சும்மா இருக்குமா? "ஐயோ, இது எங்கட மியூசியத்து வெள்ளைக்காரனெல்லோ" என்றுவிட்டேன். நல்லகாலம், நீங்கள் பல்கனியில் காகத்துக்குச் சோறு வைத்துக்கொண்டு நின்றீர்கள். பக்கத்தில் அம்மா மட்டுந்தான்.

வெட்கத்தில் செத்துப்போனேன். அம்மா என் கையைப் பிடித்தார். "எனக்கு முதல் நாளே தெரியும் பிள்ளை. பெத்தவளுக்குத் தன்ர பிள்ளையின்ர மூக்குத் தெரியாதோ? படங்களை எரிச்சுப்போட்டன் எண்டு இந்த நாளில மூத்தவன் பச்சைத்தண்ணியும் குடிக்கிறேல்லை. உந்தப் படம் வந்தபடியாத்தான் இண்டைக்குச் சாப்பிடுறன் எண்டவன். அவனுக்குச் சொல்லிப்போடாத."

அன்று நீங்கள் இரண்டு தரம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டீர்கள். அம்மா உங்கள் இலைக்குப் பக்கத்திலேயே இருந்தார்.

வருசா வருசம் படையல் நடந்தது. அம்மா போனார். பிறகு ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீங்கள் படுத்திருந்து சொன்னீர்கள்: "அம்மாவைக் கடைசிவரைக்கும் ஏமாத்திப்போட்டன், பிள்ளை." அம்மாவுக்கு முதலே தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லாதே என்று அம்மா கேட்டுக்கொண்டது என்று விழுங்கிக்கொண்டேன். தலையணையைச் சரிசெய்து, "ஒண்டும் யோசியாதேங்கோ அண்ணை" என்றேன். என்ன மடைச்சி நான்.

நீங்கள் அவரை ஏமாற்றவில்லை அண்ணை. படங்களுக்காக அவர் உங்களைக் கோவிக்கவும் இல்லை. நீங்கள் கண் மூடுவதற்கு முன் அதைச் சொல்ல எனக்கு அந்த ஒரு பின்னேரம் முழுக்க இருந்தது. சொல்லாமல் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன்.