மேல்நோக்கி ஓடிய பெட்டி

ஜூன் 12, வியாழன்

பிசிக்ஸ் வீட்டுப்பாடத்தை முன்னால் வைத்துக்கொண்டு என் மகள் வாலு அழுகிறாள். பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்தவுடனே இந்தக் கூத்து. "நான் பார்க்கட்டுமாடி?" என்றேன். "வேணாம்மா, சனிக்கிழமை அப்பா வீட்டுக்குப் போறப்ப கேட்டுக்கிறேன். உனக்கு இதெல்லாம் ஏறாதுன்னு அவர் எப்பவும் சொல்வாரே."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது. விவாகரத்து ஆகி இத்தனை வருடம் கழித்தும் அந்த ஆள் என் சமையலறையில் நின்று என்னை முட்டாள் என்கிறான்.

ஜூன் 14, சனி

பழைய புத்தகக் கடையில் பிசிக்ஸ் புத்தகம் வாங்கினேன். அவன் பிசிக்ஸ் வாத்தியார். இருக்கட்டும். அவன் மூக்கை அதே பிசிக்ஸால் உடைக்கிறேன்.

ஜூன் 23, திங்கள்

நான் வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேஜையில் டோக்கன் கொடுத்துக்கொண்டே கணக்குப் போட்டேன். மாடியிலிருந்து விழும் கல் எப்போது தரையைத் தொடும்? கல்லுக்குப் பதில் அவனை நினைத்துக்கொண்டால் விடை சீக்கிரம் வருகிறது. டாக்டர் எட்டிப் பார்த்து, "என்னம்மா, பல்லைக் கடிச்சுக்கிட்டு எழுதுறீங்க? உடைஞ்சா நான்தான் கட்டணும்" என்றார்.

ஜூலை 9

நான் போட்ட கணக்கைப் பார்த்து வாலு, "எப்படிம்மா?" என்றாள். அப்பாடா.

ஜூலை 26, சனி

மாட்டினான்! சாய்ந்த பலகையில் ஒரு பெட்டி, நகராமல் நிற்கிறது. உராய்வு விசை எவ்வளவு? போன வாரம் அவன் வாலுவுக்கு எழுதிக் கொடுத்த விடை 24.5. எனக்கு 34 வருகிறது. திரும்பத் திரும்பப் போட்டாலும் 34தான்.

நாளை மகளைக் கூட்டிவரப் போகும்போது அவனிடம் டியூஷன் படிக்கும் பிள்ளைகள் எதிரிலேயே கேட்கப் போகிறேன். மானம் போகட்டும் அவனுக்கு.

ஜூலை 27, ஞாயிறு

கேட்டேன். சத்தமாகவே கேட்டேன். தாளை வாங்கிப் பார்த்துச் சிரித்தான்.

"பெட்டியைக் கீழே இழுக்கிறது 24.5. அதைத் தாங்குற அளவுக்குத்தான் உராய்வு வரும். நீ உராய்வோட அதிகபட்சத்தை அப்படியே தூக்கிப் போட்டிருக்கே. உன் கணக்குப்படி பெட்டி தானா மேல்நோக்கி ஓடணும். ஓடுதா?"

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். என்னையே திட்டிக்கொண்டேன்: ஏன்டி வந்தே? எதுக்குடி வந்தே?

வாலு எழுந்தாள். "எனக்கும் முதல்ல 34தான்பா வந்துச்சு. நீங்க கத்துவீங்கன்னு அழிச்சுட்டு உங்க விடையை எழுதிக்கிட்டேன். ஏன் தப்புன்னு இப்பத்தான் புரியுது. என்னைப் பார்த்தும் இப்படித்தான் சிரிச்சிருப்பீங்களா?"

அவன் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தாளை என்னிடம் திருப்பி நீட்டினான்.

பஸ்ஸில் வாலு என் தோளில் சாய்ந்துகொண்டாள். தோற்றது நான்தான். ஆனால் அவன் முகம் செத்துப்போனதே — அதை நினைத்துக்கொண்டே தூங்குவேன்.

ஆகஸ்ட் 16, சனி

"அப்பா வீட்டுக்குப் போகலையாடி?"

"சாயங்காலம் சும்மா பார்த்துட்டு வரேன். கணக்கை இங்கேயே போடலாம்மா. நீ தப்பு பண்றப்பதான் எனக்கு நல்லா புரியுது."

இதற்குச் சந்தோஷப்படுவதா, கோபப்படுவதா? சந்தோஷம்தான். கேட்டிருந்தால் அவனுக்கு வயிறு எரிந்திருக்கும்.

ஆகஸ்ட் 30, சனி

கப்பியில் தொங்கும் இரண்டு எடைகளை வைத்து எங்களுக்குள் பெரிய சண்டை. சாப்பாடு ஆறிப்போனது. அவள் சொன்னதுதான் சரி.

அவனை நாலு வார்த்தை திட்டி எழுதலாமென்று உட்கார்ந்தேன். அதற்குள் வாலு அடுத்த கணக்கோடு வந்து நிற்கிறாள்.