ஜெயம்மா படிக்காமல் வைத்திருந்த கடிதம்

ஞாயிறு, இரவு

கோடு போட்ட நோட்டிலும் என் எழுத்து மேடும் பள்ளமுமாகப் போகிறது. பின்னால் படிக்கத் திணறினால் என்னை நானே மன்னித்துக்கொள்ள வேண்டும். எழுதப் பழகி எட்டு மாதம்தான் ஆகிறது.

இன்று காலை ஓசூரில் மகன் வீட்டை விட்டு வந்துவிட்டேன். அங்கே ஒரு குறையும் இல்லை. வேளைக்குச் சோறு, தனி அறை, டிவி. பேசத்தான் ஆளில்லை.

"இந்த வயசுல எங்கப்பா போற?" என்றான் மகன்.

"தேன்கனிக்கோட்டைக்கு. ஒரு பதில் வரணும்."

ஜெயம்மா அங்கே இட்லிக் கடை வைத்திருக்கிறார். நான் கம்பெனி வாட்ச்மேனாக இருந்தபோது கேன்டீனில் சமைத்தவர். என்னைப் போலவே துணையை இழந்தவர். என் முதல் கடிதத்தைப் போன வாரம் அவருக்குத்தான் எழுதினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது அந்தக் கடிதம் கடையில் சாமி படத்துக்குப் பின்னால் இருந்தது.

"எனக்குக் கன்னட எழுத்துதான் வரும், வாட்ச்மேனே. நீ எழுதுனத இன்னொருத்தர் வாயில கேக்க மனசு வரல. நீயே படி."

இத்தனை வருஷம் என்னிடம் தமிழில் பேசியவர். தமிழ் படிக்க வராது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். விரல் வைத்துப் படித்தேன். "மீதி நாட்களை உங்களோடு கழிக்க ஆசை. சம்மதமா?"

"இதுக்கா என்னைய ஒரு வாரம் காக்க வெச்ச? கையக் கழுவிட்டு வந்து வெங்காயம் உரி."

கடை மூடியதும் கடிதத்தின் அடியில் கன்னடத்தில் ஏதோ எழுதினார். என் பெயராம். உருண்டை உருண்டையாக இருக்கிறது. அறுபத்தொன்பது வருஷம் சுமந்த பெயர் இவ்வளவு அழகா? பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அடுத்த வாரம் இந்த நோட்டில் அவர் பெயரை அவர் எழுத்திலேயே எழுதிவிடுவேன்.